சாஹ்தி இறக்கப் போகிறவர்களுக்கு

பின்லாந்தின் ஹாமே வட்டாரத்துப் பண்ணைகளில் கல்யாணம், அறுவடை, கிறிஸ்துமஸ் என்று விசேஷத்துக்கு விசேஷம் இறக்கிவந்த பீர் சாஹ்தி. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைவேலை. இப்போது பேரன் பேத்திகள் ஆலை மால்ட், பேக்கரி ஈஸ்ட், பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி வைத்து இறக்குகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

1. செய்வதற்கு முன் குடித்துப் பாருங்கள். லம்மி, பாதஸ்யோகி, சிஸ்மா பக்கம் போனால் நல்ல சாஹ்தி கிடைக்கும். கலங்கலாக, பழுப்பாக இருக்கும். நுரை அநேகமாக இருக்காது. மூக்கில் முதலில் ஏறுவது கனிந்த வாழைப்பழ வாசனை, பிறகு லேசான கிராம்பு. நாக்கில் இனிப்பும் கனமும் நிற்கும். 7 முதல் 9 சதவீதம் ஆல்கஹால் இருப்பது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். இந்த ருசி மனதில் பதியாமல் வேலையைத் தொடங்கினால், சரியாக வந்ததையே கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவீர்கள்.

2. சாற்றைக் கொதிக்க வைக்காதீர்கள். மற்ற பீர் செய்து பழகியவர்களுக்கு இதுதான் பெரிய தடை. கை தானாக அடுப்பை ஏற்றப் போகும். ஒரு மணி நேரம் கொதித்தால் மால்ட்டின் புரதம் திரண்டு அடியில் படியும், சாறு தெளியும். சாஹ்தியின் உடம்பே அந்தப் புரதம்தான். அந்தக் கலங்கல், அந்தக் கனம், தானிய ருசி எல்லாம் அதனால் வருவது. கிருமி பயமிருந்தால் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிப் பத்து நிமிடம் வையுங்கள், போதும். பழைய சாஹ்திக்காரர்கள் சிலர் அதற்கே முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன்.

3. மால்ட்டுக்கு அலைய வேண்டாம். பின்லாந்தில் சாஹ்திக்கென்றே கலந்த மால்ட் விற்கிறது. கிடைக்காத ஊரில் பில்ஸ்னர் மால்ட் 4 கிலோ, கருக்க வறுத்த ரை மால்ட் அரைக் கிலோ. பத்து லிட்டருக்கு இது சரியாக இருக்கும். அந்த ரை மால்ட்டைப் பின்லாந்துக் கடைகளில் கல்யாமல்லஸ் என்று கேளுங்கள். நிறத்துக்காக அதைக் கூட்டினால் கருகிய ரொட்டி ருசி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

4. ஊறவைப்பதில் நிதானம் வேண்டும். அந்தக் காலத்தில் வெதுவெதுப்பில் ஆரம்பித்து, மேலும் மேலும் சூடான தண்ணீரை ஊற்றி அரை நாள் ஓட்டுவார்கள். இன்றைய ஆலை மால்ட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் இரண்டு படி வைத்துக்கொள்ளுங்கள். அரைத்த மால்ட்டில் 65 டிகிரித் தண்ணீர் 8 லிட்டர் ஊற்றிக் கட்டி தட்டாமல் துழாவினால் கலவை 57 டிகிரிக்கு வந்து நிற்கும். முக்கால் மணி கழித்து, கொதிக்கிற தண்ணீர் 4 லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துழாவுங்கள்; 67, 68 டிகிரிக்கு ஏறும். மூடி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். துடுப்பில் ஒட்டும் கூழ் பளபளப்பாகி, தொட்டு நக்கினால் தேனாக இனிக்கும்.

5. வடிகட்டப் பழைய கருவி கூர்னா. ஆஸ்பென் மரத்தடியைக் குடைந்த நீளத் தொட்டி; அடியில் குச்சி, வைக்கோல், ஜூனிப்பர் கிளை பரப்பியிருக்கும். பார்க்க அழகு, கழுவிக் காயவைக்கத் தெரியாதவன் கையில் நோய்க்கிடங்கு. குழாய் வைத்த ஐஸ் பெட்டியும் ஒரு துணிப்பையும் உங்களுக்குப் போதும். முதலில் வடிவது கலங்கலாக இருக்கும், அதைத் திரும்ப மேலேயே ஊற்றுங்கள். பிறகு நூல்போல, அவசரமில்லாமல் வடியட்டும். மேலே 3 லிட்டர் சுடுதண்ணீர் தெளியுங்கள். ஹைட்ரோமீட்டரில் 1.080க்கு மேல் காட்டினால் நல்ல சாறு.

6. ஜூனிப்பர் என்றால் கிளை, காய் அல்ல. வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளைப் பார்த்துக் கை நிறையக் காயைக் கொட்டுகிறவர்கள் ஜின் வாசனையில் ஒரு பீரைச் செய்துவிட்டு அதற்குச் சாஹ்தி என்று பெயர் வைக்கிறார்கள். இரண்டு கிளையை வடிகட்டியின் அடியில் போட்டால் போதும். போடாமலே இறக்குகிற வீடுகளும் உண்டு. சாதாரணக் காட்டு ஜூனிப்பர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கிற சபீனா வகை நஞ்சு, யூ மரமும் அப்படியே.

7. ஹாப்ஸ்: ஒரு பிடி, அல்லது ஒன்றுமில்லை.

8. ஈஸ்ட் விஷயத்தில் கௌரவம் பார்க்காதீர்கள். ஒரு காலத்தில் பண்ணைக்குப் பண்ணை சொந்த ஈஸ்ட் வைத்திருந்தார்கள்; இன்று சாஹ்திக்காரர் கையில் இருப்பது ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் கட்டிதான். வாழைப்பழமும் கிராம்பும் அதிலிருந்துதான் வருகின்றன. சாறு 20 டிகிரிக்கு ஆறியதும் பத்து லிட்டருக்கு 20 கிராம் ஈரக் கட்டி, உலர் ஈஸ்ட் என்றால் 7 கிராம். ஜெர்மானியக் கோதுமை பீர் ஈஸ்ட் போட்டாலும் பக்கத்தில் வரும். வாசனையே தராத சுத்தமான ஏல் ஈஸ்ட்டை மட்டும் தவிருங்கள். ருசி சப்பென்று போய்விடும். ஒரு எச்சரிக்கை: இந்த நொதிப்பு மூர்க்கமானது. பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கை நுரைக்கு விடாவிட்டால் விடிகாலையில் தரையைத் துடைக்க வேண்டியிருக்கும்.

9. இரண்டு மூன்று நாளில் நுரை இறங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் குளிருக்கு மாற்றிவிடுங்கள், அந்த நாட்டில் நிலவறை, உங்களுக்கு ஃபிரிட்ஜ். இனிப்பு முழுவதையும் ஈஸ்ட் தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்தால் வறண்ட, காரமான ஏதோ ஒன்றுதான் மிஞ்சும். குளிரில் ஒரு வாரம் அடங்கியபின் அடி வண்டலைக் கலக்காமல் மேலாக எடுங்கள்.

10. கண்ணாடிப் புட்டியில் அடைத்து மூடவே மூடாதீர்கள். உள்ளே இனிப்பு இருக்கிறது, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. வெளியே வைத்தால் புட்டி வெடிக்கும். பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். அங்கேயும் அதற்கு ஆயுள் சில வாரம்தான். கொதிக்காத சாறு, ஹாப்ஸின் காவலும் கிடையாது, ரொட்டி ஈஸ்ட்டோடு கொஞ்சம் லாக்டிக் பாக்டீரியாவும் வந்திருக்கும். புளிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் விசேஷ நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணி இறக்குவது அங்கே வழக்கம். சேமித்து வைக்கிற புத்தி இருந்தால் வேறு பீர் செய்யுங்கள்.

11. வடித்த மால்ட்டின் மேல் இன்னொரு முறை சுடுதண்ணீர் ஊற்றினால் வருகிற இளஞ்சாற்றை வீணாக்காதீர்கள். மெல்லிய பீர் ஒன்று கிடைக்கும், வேலை நாளுக்குக் குடிக்கலாம்.

12. 2002 முதல் சாஹ்தி என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபுச் சிறப்புப் பாதுகாப்பு இருக்கிறது. வீட்டுக்குச் செய்பவரை அது கட்டுப்படுத்தாது. விற்கிறவர் பழைய முறைக்குக் கட்டுப்பட வேண்டும். பின்லாந்தில் சொந்த உபயோகத்துக்குப் பீர் செய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிற தம்பிமார், அதே துணிச்சலில் தமிழ்நாட்டு வீட்டுக் கொல்லையில் பாத்திரத்தை ஏற்றிவிட வேண்டாம்; அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.