அப்பாச்சி 2.2-இலிருந்து 2.4-க்கு: சான்றிதழ்களை மாற்றும் முறை

அப்பாச்சி 2.2-க்கான ஆதரவு 2017-இலேயே முடிந்தது. அதைத் தன்னோடு கொண்டு வந்த சென்ட்ஓஎஸ் 6-க்கும் 2020 நவம்பரோடு கதை முடிந்துவிட்டது. இன்னும் அதை ஓட்டிக்கொண்டு, ஆல்மாலினக்ஸ் 9-க்கு மாற நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் ஒரு ஆசையை விட வேண்டும்: பழைய எஸ்எஸ்எல் அமைப்புக் கோப்பை அப்படியே தூக்கிப் போட்டால் வேலை முடிந்துவிடும் என்ற ஆசையை. சான்றிதழ், பிரைவேட் கீ, இன்டர்மீடியட் சான்றிதழ் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து வாருங்கள். மற்றதைப் புதிய சர்வரோடு வரும் கோப்பிலேயே எழுதிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன், சான்றிதழும் கீயும் ஒரே ஜோடிதானா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு பாருங்கள். இரண்டிலிருந்தும் பொதுச் சாவியை எடுத்து ஒப்பிட்டால் போதும். கீ 1024 பிட் என்றால் புதிய சர்வர் அதை ஏற்காது, அப்பாச்சியே கிளம்பாது. அலுவலகத்துக்குள் தாமே தயாரித்த பழைய சான்றிதழ்களில்தான் இந்தத் தொல்லை. அதோடு மல்லுக்கட்டாமல் 2048 பிட்டில் புதிதாக ஒன்று போட்டுவிடுவதே மேல்.

கோப்புகளை எஸ்சிபி வழியாகக் கொண்டு வந்து, அவற்றுக்குரிய டைரக்டரியில் காப்பி செய்யுங்கள், மூவ் செய்யாதீர்கள். ஹோம் டைரக்டரியிலிருந்து நகர்த்திய கோப்பு தன் பழைய எஸ்ஈலினக்ஸ் அடையாளத்தோடேயே வந்து உட்காரும். உரிமை ரூட்டிடம், அனுமதி 600, எல்லாம் சரியாக இருந்தும் ‘அனுமதி இல்லை’ என்று அப்பாச்சி நிற்கும். ரெஸ்டோர்கான் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

அதிகம் கவனிக்க வேண்டியது இன்டர்மீடியட்டைத்தான். பழைய பதிப்பில் அதற்கென்று தனி வரி உண்டு. 2.4.8 முதல் அந்த வரிக்கு அவசியமில்லை. முதலில் உங்கள் சான்றிதழ், அதன் கீழே இன்டர்மீடியட் என ஒரே கோப்பாக ஒட்டிவிடலாம். ஒட்டும்போது முதல் கோப்பின் கடைசியில் என்டர் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முடிவு வரியின் ஐந்து கோடுகளும் அடுத்த தொடக்க வரியின் ஐந்து கோடுகளும் சேர்ந்து ஒரே வரியில் பத்துக் கோடுகளாகிவிடும், கோப்பும் படிக்க முடியாமல் போகும்.

அமைப்புகளுக்கு வருவோம். எஸ்எஸ்எல் மியூட்டெக்ஸ் என்ற வரி 2.4-இல் கிடையாது, இருந்தால் சர்வர் எழாது. நேம் வர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்கும் வேலையில்லை. ஆர்டர், அலவ், டினை வரிகளுக்குப் பதில் ரிக்வயர் எழுதுங்கள். பழையதையும் ஏற்கும் மாட்யூல் ஒன்று இருக்கிறதுதான். ஆனால் இரண்டையும் கலந்தால் யாருக்கு அனுமதி, யாருக்குத் தடை என்று உங்களுக்கே புரியாது. பழைய சைஃபர் பட்டியலைக் கொண்டுவரவே வேண்டாம். ஆல்மா 9 வழக்கமாகவே டிஎல்எஸ் 1.2, 1.3 இரண்டை மட்டும் அனுமதிக்கிறது, அதுவே போதும்.

கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டி ‘சின்டாக்ஸ் ஓகே’ வந்ததும் நிம்மதி அடைய வேண்டாம். கீ பொருந்துகிறதா என்று அது பார்ப்பதில்லை. சர்வரைக் கிளப்பி எரர் லாகைப் படியுங்கள். ஃபயர்வாலில் 443 திறந்திருக்கட்டும்.

பிறகு டிஎன்எஸ்ஸைத் தொடாமல், உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் புதிய ஐபியைப் போட்டுத் தளத்தைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் பூட்டுச் சின்னம் தெரிந்தால் மட்டும் போதாது. இன்டர்மீடியட் விட்டுப்போனாலும் குரோம் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். கர்ல் எடுக்காது, பணம் கட்டியதைத் தெரிவிக்க உங்கள் தளத்தைக் கூப்பிடும் கேட்வேயும் அப்படியே திரும்பிப் போகலாம். அதனால் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கொண்டு தள முகவரியோடு இணைத்துப் பாருங்கள். சரிபார்ப்பு எண் 0 வர வேண்டும்.

மாற்றத்துக்கு முந்தைய நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் என்றால், மாற்றியதும் புதிய சர்வரில் புதுப்பித்தலை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எல்லாம் சீராக ஓடியதும் பழைய சர்வரிலுள்ள கீயை அழித்துவிடுங்கள். நடுவில் பென்டிரைவில் பிரதி எடுத்திருந்தால் அதையும்.