கடவுச்சீட்டு இரண்டு, வரி எத்தனை?

கேள்வி: நான் ஓட்டமாவடியில் பிறந்தவன். 2003இல் லண்டன் வந்து பிரித்தானியப் பிரஜையானேன். 2016இல் இலங்கைப் பிரஜாவுரிமையையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். வாப்பா தந்த வளவில் இரண்டு கடைகள் வாடகைக்குப் போகின்றன. வங்கியில் கொஞ்சம் நிலையான வைப்பும் உண்டு. இந்த முறை ஊருக்கு வந்தபோது, "இனி இரட்டைப் பிரஜைகள் லண்டனில் உழைப்பதற்கும் இங்கே வரி கட்ட வேண்டும், அதற்குத்தான் டின் நம்பர்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். கத்தாரில் லொறி ஓட்டும் என் தம்பிக்கும் அதே பயம். எங்களைத் தேர்தலில் நிற்க விடமாட்டார்கள், லண்டனில் இருந்து வாக்குப் போடவும் வழியில்லை. வரி மட்டும் வேண்டுமாம். இது நியாயமா?
— லண்டன் வாசகர்

பதில்: முதலில் பயத்தைத் தீர்ப்போம், நியாயத்தைப் பிறகு பார்ப்போம்.

இலங்கையின் வருமான வரிச் சட்டம் உங்கள் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து வரி போடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கேட்பது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், வருமானம் எங்கே விளைகிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான். இங்கே வதிபவருக்கு உலகம் முழுவதும் உள்ள வருமானம் கணக்கில் வரும். வதியாதவருக்கு இலங்கையில் விளைந்த வருமானம் மட்டுமே. லண்டனில் நீங்கள் வாங்கும் சம்பளத்துக்கும் கத்தாரில் தம்பி வாங்கும் சம்பளத்துக்கும், வதியாதவர்களாக இருக்கும்வரை, இங்கே வரி இல்லை. தம்பி வீட்டுக்கு அனுப்பும் காசுக்கும் வருமான வரி இல்லை. டின் நம்பர் என்பது பதிவு இலக்கம். 18 வயது நிரம்பிய எல்லாரும் பதிய வேண்டும் என்று 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. பதிந்தவர் எல்லாரும் வரி கட்டுபவர் ஆகிவிடுவதில்லை.

கடை வாடகையும் வைப்பு வட்டியும் வேறு கதை. அவை ஓட்டமாவடியில் விளைகின்றன, ஆகவே நீங்கள் எங்கே இருந்தாலும் இங்கே வரிக்கு உட்பட்டவை. வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாகிவிட்டது. இந்த இடத்தில் உங்கள் இரட்டைப் பிரஜாவுரிமை பாரமாக இல்லை, உதவிதான் செய்கிறது. வருடாந்தத் தனிநபர் நிவாரணம் இப்போது 18 லட்சம் ரூபா. வதியாதவராக இருந்தாலும் இலங்கைப் பிரஜை என்றால் அது உண்டு. வெறும் பிரித்தானியராக இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது. காணி விசயத்திலும் அப்படித்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உறுதி எழுதுவதைத் தடுத்தது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்து வளவு விலைக்கு வந்தால் நீங்கள் தாராளமாக வாங்கலாம்.

விற்கும்போதுதான் கவனம் தேவை. குடியிருந்த வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரியில் விலக்கு உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து உரிமையாளராக இருந்து, அதில் இரண்டு வருடமாவது அந்த வீட்டில் குடியிருந்திருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்து நிற்பது குடியிருப்பு ஆகாது. பழைய சொத்து என்றால் 2017 செப்டெம்பர் 30 அன்று இருந்த சந்தைப் பெறுமதியைத்தான் அடிவிலையாக எடுப்பார்கள். அற்றோணித் தத்துவம் யாரிடம் கொடுத்திருக்கிறீர்களோ அவரிடம் சொல்லி, ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையை எடுத்து வையுங்கள்.

உங்களைப் போன்றவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. அதுதான் 183 நாள் விதி. அத்தனை நாள் இங்கே நின்றால் நீங்கள் வதிபவர். பலர் ஒரு வரி வருடத்துக்குள், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, நாளை எண்ணிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது அந்த வருடத்தில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும். ஒருவர் 2024 டிசம்பர் 20 வந்து, நோன்பை ஊரில் பிடித்து, பெருநாளோடு மார்ச் 31 வரை நிற்கிறார் என்று வையுங்கள். 102 நாள். திரும்ப ஒரு கல்யாண வேலையாக ஓகஸ்ட் 1 முதல் ஒக்டோபர் 25 வரை 86 நாள். வரி வருடக் கணக்கில் எந்த வருடமும் 183ஐத் தொடவில்லை. ஆனால் 2024 நவம்பர் தொடங்கி 2025 ஒக்டோபர் வரையான பன்னிரண்டு மாதத்தில் 188 நாள் ஆகிவிட்டது. அவர் இரண்டு வரி வருடங்களிலும் வதிபவர். அப்படி ஆனால் 1979ஆம் ஆண்டின் இலங்கை - பிரித்தானிய இரட்டை வரி ஒப்பந்தத்தைத் தேட வேண்டிவரும். இரண்டு நாடும் "இவர் எங்களுடையவர்" என்று உரிமை கோரினால், நிலையான வீடு எங்கே, குடும்பமும் பிழைப்பும் எங்கே என்று அது வரிசையாகக் கேட்கும். தப்பிக்கலாம், ஆனால் கடிதப் போக்குவரத்து ஆளைக் களைக்கச் செய்துவிடும். கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தானியப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். அங்கே வதிபவர் என்ற வகையில் ஓட்டமாவடிக் கடை வாடகையை அங்கேயும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கிடைக்கும். "காசை லண்டனுக்குக் கொண்டுவரவில்லையே" என்ற பழைய சலுகை 2025 ஏப்ரல் 6 உடன் ஒழிந்தது. உங்களைப் போல நெடுங்காலம் அங்கே இருப்பவர்களுக்கு அந்த வாசல் முன்பே அடைபட்டுவிட்டது.

இனி நியாயம். "பிரஜை என்பதற்காகவே வரி" என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது, ஆனால் அது நம் நாட்டில் இல்லை. அமெரிக்கா தன் பிரஜை உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கணக்குக் கேட்கிறது. மெக்சிக்கோவில் வாழ்ந்த குக் என்ற அமெரிக்கர் வழக்குப் போட்டு 1924இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அமெரிக்க வாக்குரிமையாவது கடல் தாண்டியும் செல்லும் என்பதால் அங்கே அந்த ஏற்பாட்டுக்கு ஒரு தர்க்கம் உண்டு. எரித்திரியா வெளிநாட்டில் உள்ள தன் மக்களிடம் 2 சதவீதம் வாங்குகிறது. வசூலித்த விதத்தை 2011இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையே கண்டித்தது. வரியும் வாக்கும் பற்றிய உங்கள் கேள்வி அந்த மக்களுக்கு அப்படியே பொருந்தும். உங்களுக்கு அரைவாசிதான் பொருந்தும். நீங்கள் இங்கே கட்டுவது கடைக்கான வரி. அந்தக் கடைக்கு முன்னால் வீதியும் விளக்கும் இருக்கின்றன.

தேர்தலில் நிற்க முடியாதது பற்றி. இந்தக் கதவு திறந்து மூடிய கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2015இல் 19ஆவது திருத்தம் இரட்டைப் பிரஜைகளைப் பாராளுமன்றத்தில் இருந்து தடுத்தது. சுவிஸ் பிரஜாவுரிமையும் வைத்திருந்த கீதா குமாரசிங்க 2017இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தார். 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் தடையை எடுத்தது. 2021 ஜூலையில் அமெரிக்கப் பிரஜாவுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ஷ தேசியப்பட்டியலில் வந்து நிதி அமைச்சரானார். 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. கதவைத் திறந்தவர்களும் மூடியவர்களும் மனதில் வைத்திருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு குடும்பத்தை. உங்களையோ என்னையோ அல்ல.

இருந்தாலும் இந்தத் தடை சரி என்பதுதான் என் கட்சி. காரணம் விசுவாசம், தேசப்பற்று என்று மேடையில் பேசுவது அல்ல, வரிதான். அமெரிக்கப் பிரஜை ஒருவர் எந்த நாட்டில் எந்தப் பதவியில் இருந்தாலும் அமெரிக்க வரித் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டும் கடமை சட்டப்படி அவர் மேல் இருக்கிறது. நமக்கு வரி விதிக்கும் நிதி அமைச்சர் அந்த நிலையில் இருக்கக் கூடாது. ஆசனம் வேண்டுமென்றால் ஒரு கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும். 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் அமெரிக்கப் பிரஜாவுரிமையைத் துறந்தார், யாரும் அவரைக் கட்டாயப்படுத்தி நாடு கடத்தவில்லை.

வாக்கு விசயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம், அதுவும் உங்களுக்காக அல்ல. கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்குடாத் தொகுதியில் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்து, தேர்தல் நாளில் ஊரில் நின்றால் நீங்கள் வாக்களிக்கலாம். விமான டிக்கெட் போடவும் உங்களால் முடியும். பிரித்தானியாவில் உங்களுக்கு இன்னொரு வாக்கும் இருக்கிறது. நாளைக்கு அங்கிருந்து ஊருக்கே திரும்பிவிட்டாலும் அது போகாது, ஏனென்றால் வெளிநாட்டில் 15 வருடம் கழிந்தால் வாக்கு இல்லை என்ற விதியை அவர்கள் 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். உங்கள் தம்பியை நினைத்துப் பாருங்கள். கத்தார் அவருக்கு ஒருநாளும் பிரஜாவுரிமை தரப்போவதில்லை. 2024 செப்டெம்பர் 21இலும் நவம்பர் 14இலும் ஊரில் வாக்களிப்பு நடந்தபோது முதலாளி லீவு கொடுத்திருப்பாரா? சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலைக்குப் போன நம் ஊர் உம்மாமார் அந்தப் பேச்சையே எடுத்திருக்க முடியாது. தூதரகத்தில் வாக்களிக்கும் ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் இல்லை. ஒரு நாட்டிலும் வாக்கில்லாதவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் வரி கட்டவில்லையே என்று கொழும்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதுவரை விலக்கில் இருந்த சமையல் காஸ், பெற்றோல், டீசல், கைத்தொலைபேசி எல்லாம் அன்றே அதற்குள் வந்தன. தம்பி அனுப்பும் காசில் வீட்டில் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவர் வரி கட்டுகிறார். அரசாங்கத்துக்கும் இது தெரியும். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2022இல் 379 கோடி டொலராக விழுந்தபோது பெற்றோல் கியூ எவ்வளவு நீளம் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். 2024இல் அது 657 கோடி டொலர்.

ஆகவே லண்டனில் உங்கள் சங்கத்தில் இதைப் பேசும்போது, பாராளுமன்ற ஆசனத்தை விட்டுவிட்டு வெளிநாட்டு வாக்குரிமையைப் பிடியுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுதுங்கள், கட்சி பார்க்க வேண்டாம். எழுதும் கடிதத்தில் தம்பியிடமும் ஒரு கையொப்பம் வாங்குங்கள். உங்கள் சொந்த வருமான வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசித் திகதி.