கொதிகலனின் அடிவால்வைத் தெரிவு செய்தல்

கிணற்றுத் தண்ணீரைப் பல மாதம் காய்ச்சிய கேத்திலின் உள்ளே பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலமாதலால் அங்கு இது அதிகம்.

நெல் அவிக்கும் ஆலையின் கொதிகலனிலும் இதுவே நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் உள்ளே தங்குகின்றன. படிவு தடித்தால் நெருப்பின் சூடு தண்ணீரை அடையாது. உமி வீணாகும். தகடு அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே தண்ணீரை மென்மையாக்கிப் பாவிப்பதோடு, அடியில் சேரும் சேற்றையும் தினமும் வெளியேற்ற வேண்டும். இதற்கு உதவுவதே அடிவால்வு.

எந்த வால்வு நல்லது?

1. சாதாரண குளோப் வால்வு பொருந்தாது. உள்ளே பாதை வளைந்து செல்வதால் சேறு தங்கும். பின்னர் இறுக மூடாது.

2. கேற் வால்வில் பாதை நேரானது. ஆனால் அடிப்பள்ளத்தில் மண் சேர்ந்தால் கதவு முழுமையாக இறங்காது.

3. தண்ணீர்க் குழாய்களுக்கு விற்கும் போல் வால்வின் பிளாஸ்ரிக் வளையம் சூடு தாங்காது. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில் கொதிகலன் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 170 பாகை செல்சியஸ்.

4. அடிச்சேற்றுக்கென்றே செய்த, நேர்ப்பாதையுள்ள வால்வே உகந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பூட்டுவது பாதுகாப்பு: கொதிகலன் பக்கம் விரைவாகத் திறப்பது, வெளிப்பக்கம் மெதுவாகத் திறப்பது.

வால்வு தாங்கும் அழுத்தம் அதன் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும். அது கொதிகலனின் உச்ச அழுத்தத்திலும் குறைந்தது காற்பங்கு கூடுதலாக இருக்கட்டும். இடம்பெயர்ந்து வந்து கூட்டாக ஆலை நடத்துவோர் பழைய இரும்புக் கடையில் மலிவாக வாங்க நினைப்பது இயல்பே. ஆனால் எழுத்து அழிந்த வால்வை வாங்காதீர்கள். மிச்சம் பிடித்த பணம் ஓர் உயிருக்கு ஈடாகாது.

திறக்கும் முறை

நீராவித் தேவை குறைந்த வேளையில், முதலில் கொதிகலன் பக்க வால்வை முழுதாகத் திறவுங்கள். பிறகு வெளி வால்வை மெல்லத் திறவுங்கள். சில விநாடிகள் போதும். மூடும்போது வெளி வால்வே முதலில். மூடும்வரை நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவ்விடத்திலேயே நில்லுங்கள். வெளிக்குழாயைப் பிள்ளைகள் நடமாடும் முற்றத்தில் விடாமல், மூடிய குழிக்குக் கொண்டு செல்லுங்கள். அரை மணி கழிந்தும் குழாய் ஆறவில்லையெனில் வால்வு ஒழுகுகிறது.

கலந்துரையாட:

உங்கள் ஆலையின் அடிவால்வு எவ்வகை? அதை இறுதியாகக் கழற்றிப் பார்த்தது எப்போது?