காப்பு வால்வும் அமுக்கக் கணக்கும்



அமுக்கத்துக்கான சூத்திரம் உங்கள் அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் வினாவிலே ஒரு கொதிகலனைத் தந்தால், எந்த விசையை எந்தப் பரப்பளவால் பிரிப்பது என்று பலர் தடுமாறுகின்றீர்கள். வீட்டுப் பிறஷர் குக்கரில் தொடங்கினால் இது இலகுவாக விளங்கும்.

1. காப்பு வால்வு என்றால் என்ன?

மூடிய பாத்திரத்தில் நீர் கொதிக்கும்போது ஆவி சேர்ந்து அமுக்கம் உயரும். அது எல்லை மீறினால் பாத்திரம் வெடிக்கும். அதற்கு முன்னரே தானாகத் திறந்து ஆவியை வெளிவிடுவது காப்பு வால்வு. பிரான்ஸ் நாட்டவரான டெனிஸ் பப்பின் 1679 இல் இலண்டனில், எலும்பையும் மென்மையாக்கும் மூடிய பாத்திரம் ஒன்றை உருவாக்கினார். அதன் மூடியிலிருந்த துளையை, நெம்பில் தொங்கவிட்ட நிறையினால் அடைத்தார். குக்கர் மூடியில் நாம் வைக்கும் உலோகக் குண்டும் அதே வேலையையே செய்கிறது.

2. எந்த அமுக்கத்தில் திறக்கும்?

தரவு: குண்டின் திணிவு 80 கிராம், துளையின் பரப்பளவு 8 சதுர மில்லிமீற்றர், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 மீ/செ².

குண்டின் நிறை = 0.08 × 10 = 0.8 நியூற்றன்
பரப்பளவு = 8 × 10⁻⁶ சதுர மீற்றர்
அமுக்கம் = 0.8 ÷ (8 × 10⁻⁶) = 100 000 பஸ்கால்

இது வளிமண்டல அமுக்கத்திலும் மேலதிகமாக உள்ள அமுக்கமாகும். குண்டின் மேல் வளிமண்டலமும் அழுத்துகிறது அல்லவா? எனவே உள்ளே உள்ள மொத்த அமுக்கம் ஏறத்தாழ 200 000 பஸ்கால். இதில் நீர் சுமார் 120 பாகை செல்சியசில் கொதிக்கும். உணவு விரைவாக வேகுவது இதனாலேயே.

3. எவ்வளவு ஆவி வெளியேற வேண்டும்?

வால்வு திறந்தால் மட்டும் போதாது. உண்டாகும் ஆவி முழுவதும் அதே வேகத்தில் வெளியேற வேண்டும்.

அடுப்பிலிருந்து குக்கருக்குக் கிடைக்கும் வெப்பம் செக்கனுக்கு 1100 யூல் எனவும், ஆவியாதலின் தன்மறைவெப்பம் கிலோகிராமுக்கு 2.2 × 10⁶ யூல் எனவும் கொள்க.

ஆவி உண்டாகும் வீதம் = 1100 ÷ (2.2 × 10⁶) = 0.0005 கிலோகிராம்/செக்கன்

அதாவது செக்கனுக்கு அரைக் கிராம். நமது சிறு துளை இதற்குத் தாராளமாகப் போதும்.

இப்போது இதே அமுக்கத்தில், செக்கனுக்கு 2 200 000 யூல் வெப்பம் பெறும் தொழிற்சாலைக் கொதிகலனை எடுங்கள். அங்கே செக்கனுக்கு 1 கிலோகிராம் ஆவி உண்டாகும். நமது குண்டையும் துளையையும் அதில் பொருத்தினால் வால்வு அதே அமுக்கத்தில்தான் திறக்கும். ஆனால் செக்கனுக்குச் சில கிராம் ஆவியே வெளியேறும். வால்வு திறந்திருக்கும்போதே அமுக்கம் உயர்ந்துகொண்டே போகும்!

ஆகவே கணக்கு இரண்டு: திறக்கும் அமுக்கம் ஒன்று, வெளியேற்றும் வீதம் மற்றொன்று. வெளிவழி அடைபடுதல், குளிரூட்டல் நின்றுபோதல், அருகில் தீப்பற்றுதல் என ஒவ்வொரு ஆபத்துக்கும் தனித்தனியே வீதத்தைக் கணித்து, அவற்றுள் மிகப் பெரியதற்கு ஏற்பவே பொறியியலாளர் வால்வைத் தெரிவு செய்வர்.

கவனிக்குக

• 1 சதுர மில்லிமீற்றர் = 10⁻⁶ சதுர மீற்றர். 10⁻³ என எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள்.
• பருப்புத் தோல் துளையை அடைத்தால் மேற்கண்ட இரு கணக்கும் பிழைத்துவிடும். சமைக்குமுன் துளையைப் பாருங்கள். ஆவி வரவில்லையெனில் குண்டைத் தொடாமல் அடுப்பை அணையுங்கள். சூடு ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.

பயிற்சி

(அ) துளை 12 சதுர மில்லிமீற்றர். மேலதிக அமுக்கம் 50 000 பஸ்காலாகும்போது திறக்க, குண்டின் திணிவு யாது?
(ஆ) குக்கருக்குச் செக்கனுக்கு 1760 யூல் வெப்பம் கிடைப்பின், ஆவி உண்டாகும் வீதம் யாது?

விடை: (அ) 60 கிராம் (ஆ) செக்கனுக்கு 0.8 கிராம்