கணினி விளையாட்டில் காட்சி திக்கினால்...

ஒரு விநாடியில் திரையில் தோன்றும் படங்களின் எண்ணிக்கையே ஃபிரேம் ரேட் எனப்படும்; அது 60 ஆக நிலைக்க ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிவிநாடிக்குள் உருவாக வேண்டுமாதலால், ஒன்று தாமதித்தாலும் காட்சி திக்குகிறது.

• வெப்பம்: கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் சென்னையில், விசிறியில் தூசி படிந்தால் சூடேறும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஆகவே கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை அகற்ற வேண்டும்.

• மின்சாரம்: பேட்டரியில் இயங்கும் மடிக்கணினி கிராபிக்ஸ் செயலியின் ஆற்றலைக் கட்டுப்படுத்துவதால், சார்ஜரை இணைத்தே விளையாடுவது நலம்.

• வரம்பு: 60 ஹெர்ட்ஸ் திரையில் 60 படங்கள் நிலைக்காவிடில், நிழல்களின் தரத்தை முதலில் குறைத்து, அதுவும் போதாதபோது 30 என உச்சவரம்பு விதித்தால், வேகம் குறைந்தாலும் ஓட்டம் சீராகும்.

• ஷேடர்: ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் இச்சிறு நிரல்கள், விளையாட்டை நிறுவியதும் அல்லது கிராபிக்ஸ் செயலியின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்ததும் புதிதாகத் தொகுக்கப்படுவதால் எழும் திக்கல், தொகுப்பு முடிந்ததும் பெரும்பாலும் தணிந்துவிடும்.