வகுக்கத் தேவையில்லாதவை

அன்புள்ள கயலுக்கு,

2147483647 பகா எண்தான் என்று உன் புரோகிராம் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். வர்க்கமூலத்தோடு நிறுத்தவும் தெரிந்திருக்கிறது. ஆனால் 2 முதல் 46340 வரை ஒன்றுவிடாமல் வகுக்க வைத்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த எண் 2³¹−1. அது பகா எண் என்று 1772-இல் ஆய்லர் காட்டினார். பீட்டர்ஸ்பர்கில் இருந்தார், பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. அவர் முறைப்படி அதிகபட்சம் 372 வகுத்தல் போதும்.

ப என்ற பகா எண் இதை வகுப்பதாக வைத்துக்கொள். 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக ப-வால் வகுத்து மீதியை எழுதிக்கொண்டே போ. 31ஆம் அடுக்கில் மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் வராது. ஃபெர்மாவின் தேற்றப்படி ப−1ஆம் அடுக்கிலும் மீதி 1. அப்படியானால் ப−1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை, ஆகவே ப−1 என்பது 62-இன் மடங்கும்கூட. அடுத்தது இன்னும் அழகு. 32ஆம் அடுக்கின் மீதி 2. அந்த அடுக்கோ 16ஆம் அடுக்கின் வர்க்கம். ஒரு வர்க்கத்துக்கு மீதி 2 வந்தால், ப-வை 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 தான். (இதன் நிரூபணம் உன் எண்கோட்பாட்டுப் புத்தகத்திலேயே இருக்கும், பார்.) இரண்டையும் சேர்த்தால், ப-வை 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மட்டுமே மீதியாகலாம். 249, 311, 497, 559 என்று தாவிப் போகலாம். மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம்.

நம்பிக்கை வராவிட்டால் 2¹¹−1-ஐ எடுத்துக்கொள். 2047 = 23 × 89. இரண்டுமே 22-இன் மடங்கோடு ஒன்று கூடியவை. 8-ஆல் வகுத்தால் மீதி 7, 1. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் விடை உடையலாம் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்.

1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயர், 2³¹−1-இலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணை (தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகைக்கே சமமான எண்) தாண்டி இன்னொன்றை யாரும் தேடமாட்டார்கள், பயனில்லாத வேடிக்கை என்று எழுதினார். 1876-இல் லூக்கா என்பவர் 2¹²⁷−1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம், கையாலேயே. பயன் கதையும் வேறு மாதிரிப் போனது. 16807-ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி பெருக்கிக்கொண்டே போவது கணினியில் சீரற்ற எண்களுக்குப் புகழ்பெற்ற பழைய முறை. 1 முதல் 2147483646 வரை அத்தனையும் ஒருமுறை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதும் 16807 பொருத்தமாகத் தேர்ந்ததுமே காரணம்.

ஆகவே புரோகிராமைத் திருத்தும் முன் ஒரு வேலை செய். மெஷினை மூடிவிட்டு, 2²³−1-ஐத் தாளில் இதே வழியில் சோதி. எத்தனை வகுத்தலில் முடிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. சீக்கிரமே எழுதுவாய்.

அன்புடன்,
மாமா