செய்யாற்று வீட்டை ஏன் விற்கவில்லை?

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். அம்பத்தூர் ஃப்ளாட்டுக்கே மாதாமாதம் கடன் கட்டும்போது, பூட்டிக் கிடக்கும் செய்யாற்று வீட்டை ஏன் விற்கக் கூடாது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

1960களில் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்களை உன் தெருவிலேயே விசாரித்துப் பார். பலருக்கும் ஊரில் இப்படி ஒரு வீடு இருக்கும். பொங்கலுக்கு முன்னால் பூந்தமல்லி பைபாஸில் பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறவர்கள் ஓய்வெடுக்கவா போகிறார்கள்? குலதெய்வத்துக்குப் படையல் போட வேண்டும், பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குத் தலைகாட்ட வேண்டும். 2020 ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் முழு ஊரடங்கு என்றதும் எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டின! ஊரில் ஒரு கதவு திறக்கும் என்ற தைரியம்தான். ரஷ்யாவில் நகரத் தொழிலாளிகளுக்கு 600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 15 சென்ட், தோட்ட நிலம் கொடுத்தார்கள். 'டாச்சா' என்பார்கள். பஞ்ச காலத்தில் அதில் விளைந்த உருளைக்கிழங்கு பல வீடுகளைக் காப்பாற்றியது. நமக்கோ ஊர் வீடு என்பது முதலில் சொந்தபந்தம் கூடும் இடம்.

இதில் செட்டிநாட்டு நகரத்தாரை மிஞ்ச ஆளில்லை. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். அந்தப் பக்கத்து வீடுகளில் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை இருக்கும். பர்மாவில் தொழில், மலேயாவில் தொழில் என்று போனாலும் கல்யாணம் அந்த வீட்டில்தான். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் அந்த ஊர்கள் ஏறின.

ஆனால் அங்கேயே இன்னொன்றையும் பார்க்கலாம். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, வாரிசுகள் பெருகி, கூரை ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று முடிவாகாமலே இடிந்துபோன வீடுகள் எத்தனையோ. அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வருஷக்கணக்கில் திறக்காமல் பூட்டி வைப்பதற்குப் பதில், உள்ளூரில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிடலாம். விளக்கு எரியும் வீட்டில் கரையான் அவ்வளவு சுலபமாக ஏறாது.

நம் வீட்டுக்கும் அந்த ஆபத்து உண்டு. போன முறை பின்கட்டு மாடியில் தண்ணீர் போகும் ஓட்டையைச் சருகு அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் சுவரில் இறங்கி, விரிசலில் விரல் தடிமனுக்கு அரசங்கன்று. மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். காரையைப் பெயர்த்து வேரை முழுதாக எடுத்து, அந்த இடத்தைப் பூச வேண்டியிருந்தது.

விற்கலாமா என்று கேட்கிறாயே, உன்னைக் கேட்காமல் விற்க முடியாது, தெரியுமா? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தது. 2005இல் நாடு முழுவதும் வந்தது. பட்டா இன்னும் உன் தாத்தா பேரிலேயே இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி அதை மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்தான் கூடிக்கொண்டே போவார்கள். தை பிறந்ததும் உன் அப்பாவும் நானும் தாலுகா ஆபீஸ் போகிறோம். நீயும் ஆதாரை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

அன்புடன்,
சித்தப்பா